மலை ஏறப் பட்டாளத்து வண்டி! வாங்குமுன் பார்க்க வேண்டியது என்ன?

பொழுது இன்னும் விடியவில்லை. கம்பம், போடி, தேவாரம், கூடலூர் தெருக்களில் ஜீப்புகள் உறுமுகின்றன. தூக்குச் சட்டியில் சோற்றை எடுத்துக்கொண்டு பெண்கள் ஏறுகிறார்கள். போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி வழியாக ஜீப்புகள் இடுக்கி மலைக்குப் போகின்றன. அங்கே ஏலத் தோட்டத்தில் வேலை. மாலையில் அதே ஜீப்பில் வீடு திரும்புகிறார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது ஜீப்புதான்.

அதனால்தான், "பட்டாளத்து வண்டி விற்பனைக்கு" என்ற விளம்பரத்தைக் கண்டால் இங்கே ஆசை பிறக்கிறது. பெரிய டயர், உயர்த்திய உடல், புது இருக்கை, பளபளக்கும் வர்ணம்! "ஒன்று வாங்கிப் போட்டால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றலாம். கொழுக்குமலைக்குச் சுற்றுலா வருகிறவர்களையும் ஏற்றலாம்" என்று நினைக்கிறார்கள்.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டிப் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. அந்தக் கரடு முரடான பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி ஏறாது. ஆகவே ஆசையில் தவறு இல்லை. ஆனால் நகையை அடகு வைக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

ஜீப்பே பட்டாளத்தில் பிறந்த பிள்ளைதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களே இழுக்கும். இதில் நான்கும் இழுக்கும். போர் முடிந்ததும் ஜீப் வயலுக்கும் மலைக்கும் வந்தது. 1947-ல் பம்பாயில் மகிந்திரா கம்பெனி ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது.

நமது ராணுவத்துக்காக ஜபல்பூர் தொழிற்சாலையில் 1969 முதல் "ஜோங்கா" செய்தார்கள். ஜப்பானின் நிசான் வண்டியின் மாதிரி அது. 1990-களின் இறுதியில் அதன் உற்பத்தி நின்றது. எனவே எந்த ஜோங்காவும் இன்று 25 வயதைத் தாண்டியதுதான்!

ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. ஏலம் எடுத்தவர் பழுது பார்த்து, அலங்கரித்து விற்கிறார்.

எஞ்சின் மாறினால் வம்பு

ஜோங்காவில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அளவு ஏறக்குறைய 4 லிட்டர். பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். அதனால் பலர் அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்துகிறார்கள்.

இங்கேதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி வண்டியை இஷ்டம்போல் மாற்றக் கூடாது. கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டது. வண்டியில் இருக்கும் எஞ்சின் நம்பர் ஒன்று, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது வேறொன்று என்றால் மாட்டிக்கொள்கிறவர் யார்? விற்றவர் அல்ல, வாங்கியவர்தான்.

பட்டாளத்துப் பச்சை வர்ணமும் ஆகாது. அது ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது.

ஆள் ஏற்றலாமா?

இதுதான் முக்கியமான கேள்வி. வெள்ளை நம்பர் பலகை என்றால் சொந்த உபயோகம். வாடகைக்கு ஆள் ஏற்ற மஞ்சள் பலகையும் பெர்மிட்டும் வேண்டும். கேரள எல்லையைத் தாண்ட அதற்குரிய அனுமதியும் வரியும் தனி.

சொந்த உபயோகத்துக்கென்று போட்ட இன்சூரன்சு, கூலிக்கு ஆள் ஏற்றும்போது உதவாது. போடி மெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள்! உயரத்தைக் கூட்டிய வண்டி வளைவில் எளிதில் சாயும். அதில் அளவுக்கு மேல் ஆளும் ஏறினால் என்ன ஆகும்? காலையில் தூக்குச் சட்டியுடன் புறப்பட்ட தாய்க்கு ஒன்று நேர்ந்தால், பிள்ளைகளுக்கு நஷ்ட ஈடு யார் கொடுப்பது? வண்டிக்காரர் தன் வீட்டையே விற்க நேரிடும்.

வாங்குவதற்கு முன்...

ராணுவத்திலிருந்து முதலில் விற்றதற்கான சான்று, அதாவது படிவம் 21, இருக்கிறதா?

சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் போகின்றனவா? நீங்களே நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆர்.சி. எந்தத் தேதிவரை செல்லும்? 15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

வர்ணத்துக்கு அடியில் சட்டம் துருப்பிடித்திருக்கிறதா? பிரேக் பிடிக்கிறதா? தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய் மேட்டில் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள்.

வண்டிக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. விடியற்காலையில் தோட்டம்வரை போகும் பஸ் இருந்தால், ஜீப்பில் நெருக்கியடித்துப் போக யார் விரும்புவார்கள்? தமிழகமும் கேரளமும் சேர்ந்து, தொழிலாளர் ஜீப்புகளுக்கு எளிதில் பெர்மிட் கிடைக்க வழி செய்யலாமே!

சொந்த நிலத்துக்குப் போகவும் ஆசைக்கு ஓட்டவும் பட்டாளத்து வண்டி நல்லதுதான், காகிதம் சரியாக இருந்தால். ஆனால் பிழைப்புக்கு என்றால், பெர்மிட் பெறக்கூடிய வண்டியையே வாங்குங்கள். அது பார்க்கப் பகட்டாக இல்லாமல் போகலாம். அதில் ஏறுகிறவர்களின் வீட்டில் நிம்மதி இருக்கும்.