சேற்றுப் பாதையும் ஜன உரிமையும்

இங்கிலாந்தில், லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயர் ஜில்லாவில் அமர்ஷாம், செஷாம் என்னும் இரண்டு சிறு பட்டணங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இடையிலுள்ள தூரம் இரண்டு மூன்று மைலுக்கு மேற்படாது. செஷாமுக்கு 1889-லும் அமர்ஷாமுக்கு 1892-லும் ரயில் வந்துவிட்டது. ஆயினும் ஓரூரிலிருந்து மற்ற ஊருக்கு ரயிலில் செல்ல விரும்புகிறவர், சால்ஃபாண்ட் பக்கத்து நிலையம் ஒன்றுக்குப் போய், அங்கே வண்டி மாறித்தான் ஆகவேண்டும். கால்நடையாகப் போகிறவருக்கு இந்தச் சுற்று இல்லை. குன்றின் மேலுள்ள அமர்ஷாமிலிருந்து, பீச் மரச் சோலைகளையும் வயல்களையும் ஊடுருவி, செஸ் நதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் செஷாமுக்கு ஒற்றையடிப் பாதைகள் இறங்குகின்றன.

பாதை சுகமானதென்று நாம் சொல்லவில்லை. அந்தச் சில்டர்ன் குன்றுகளின் உட்புறம் சுண்ணாம்புப் பாறை. அதன் மேல் பல இடங்களில் சிக்கிமுக்கிக் கற்கள் கலந்த களிமண் போர்த்திருக்கிறது. கோடையில் கட்டாந்தரையாக இருக்கும் வழி, மாரிக்காலத்தில் பாதரட்சையைப் பற்றி இழுக்கும் சேறாகிவிடும். 2020, 2021-ஆம் ஆண்டுகளில், கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளால் வேறெங்கும் செல்ல இயலாத ஜனங்கள் இங்கிலாந்தெங்கும் இத்தகைய பாதைகளில் திரள் திரளாக நடந்தார்கள். சேற்றுக்கு அஞ்சி ஓரமாக ஒதுங்கியவர்களின் காலடியில் பாதை அகன்றது, பயிர் மிதிபட்டது, குடியானவர்கள் முறையிட்டார்கள்.

சேற்றில் நடப்பதைப் பற்றித் தலையங்கம் எழுத என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். அந்த நிலங்களில் பெரும்பாலானவை தனிமனிதரின் சொத்து. எனினும் அவற்றின் நடுவே செல்லும் பொதுப் பாதையில் நடப்பதற்கு எவரும் எவருடைய அநுமதியையும் கேட்க வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 1,40,000 மைல் நீளத்துக்கு இத்தகைய பொதுவழிகள் பதிவாகியிருக்கின்றன. நிலம் ஒருவருடையது, அதன்மேல் நடக்கும் உரிமை அனைவருடையது. தனிச் சொத்துரிமையைத் தெய்வமாகப் போற்றும் ஒரு தேசத்தில் இந்த ஏற்பாடு எப்படி நிலைபெற்றது என்பது ஆராயத்தக்க விஷயம்.

அது நிலப்பிரபுக்களின் தாராள சிந்தையால் வந்ததன்று. பழைய பாதைகள் அடைபடுவதைத் தடுக்க 1826-லேயே மான்செஸ்டரில் ஒரு சங்கம் தோன்றியது. 1896-ல் போல்டன் நகரத்தார் ஆயிரக்கணக்கில் திரண்டு, மூடப்பட்ட விண்டர் ஹில் பாதையில் நடந்து காட்டினார்கள். 1932 ஏப்ரல் 24-ந்தேதி, பென்னி ராத்மன் என்னும் இருபது வயது வாலிபரின் தலைமையில் சுமார் 400 பேர், பறவை வேட்டைக்கென்று பூட்டப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மலைமேல் தடையை மீறி ஏறினார்கள். அவர்களில் ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைவாசம் கிடைத்தது. தடையை மீறி நடப்பதன் பொருளை நம் நாட்டாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதே 1932-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஒரு சட்டம், இருபது வருஷம் தடையின்றி, உரிமையோடு பொதுஜனங்கள் நடந்துவந்த வழியைச் சொந்தக்காரர் பொதுவுக்கு விட்டதாகவே கொள்ளவேண்டும் என்று வகுத்தது. மாறாகக் கருதியதை நிரூபிக்கும் பாரம் அவர் தலைமேல் விழுந்தது. இன்று அந்த விதி 1980-ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்தில் இருக்கிறது. 1949-ல் வந்த மற்றொரு சட்டம், ஜில்லா சபைகள் இத்தகைய வழிகளையெல்லாம் அளந்து தேசப்படத்தில் குறிக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. படத்தில் ஏறிய பாதைக்கு வேறு சாட்சியம் தேவையில்லை.

சட்டம் கடமைகளையும் பங்கிட்டிருக்கிறது. வயலின் ஓரமாகச் செல்லும் பாதையை உழுதல் ஆகாது. குறுக்கே செல்லும் பாதையை உழவுக்கு இடைஞ்சல் நேருமானால் உழலாம். ஆனால் முதல் உழவுக்குப் பின் 14 நாட்களுக்குள்ளும், அதே பயிருக்காக மறுபடி நிலத்தைக் கிளறினால் 24 மணி நேரத்துக்குள்ளும், குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திருத்தித் தரவேண்டும். வேலியைத் தாண்டும் ஏணிப்படியையும் கதவையும் நிலத்துக்காரர் பழுது பார்க்கவேண்டும்; அந்தச் செலவில் கால்பங்குக்குக் குறையாமல் ஸ்தல சபை தரவேண்டும். பாதையின் தரையைப் பேணுவது பொதுவாகச் சபையின் பொறுப்பு.

“களிமண் பூமியில் மழை பெய்தால் சேறாவது இயற்கை, அதற்கு நாங்கள் என்ன செய்வது?” என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. இது புதிய வாதமன்று. கெண்ட் ஜில்லாவில் ஹை ஹால்டன் கிராமத்தின் களிமண் சாலையைப் பற்றி 1859-ல் வழக்கு நடந்தபோதே இதற்கு விடை கிடைத்துவிட்டது. கல் பரப்பிக் கெட்டியான சாலை போடவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆனால் அவ்வட்டாரத்தின் சாதாரணப் போக்குவரத்து எல்லாப் பருவங்களிலும் நியாயமாகச் செல்லத்தக்க நிலையில் வழியை வைத்திருக்க வேண்டும் என்று கோர்ட்டு கருதியது. இன்றும் பாதை பழுதாகிக் கிடந்தால் எந்தக் குடிமகனும் சபைக்கு நோட்டீசு கொடுக்கலாம். பயனில்லையேல் கோர்ட்டுக்குப் போகலாம்.

இவ்வளவு காவல் இருந்தும் இவ்வுரிமைக்கு ஆபத்து வந்தது. வந்த இடமோ பார்லிமெண்டே! “ஒருமுறை பொதுவழியானது என்றைக்கும் பொதுவழி” என்பது ஆங்கிலேய நீதியின் பழைய கொள்கை. 2000-ஆம் வருஷத்து நாட்டுப்புறச் சட்டம், மலைகளிலும் தரிசுப் புல்வெளிகளிலும் விரும்பியபடி உலாவும் உரிமையை ஜனங்களுக்குக் கொடுத்தது. அதே கையால், 1949-க்கு முன்பிருந்த வழிகளில் தேசப்படத்தில் ஏறாதவை 2026 ஜனவரி முதல் தேதியோடு அழியும் என்றும் எழுதியது. நடையர் சங்கத்தின் தொண்டர்கள் பழைய படங்களோடு புதிய படங்களை ஒப்பிட்டுப் பார்த்து, 49,000 மைலுக்கு மேற்பட்ட வழிகள் விடுபட்டிருக்கக்கூடும் என்று 2020-ல் தெரிவித்தார்கள். குமாஸ்தா ஒருவர் எழுதத் தவறியதால், தலைமுறை தலைமுறையாக நடந்த வழி இல்லாமற் போய்விடுமா? கிளர்ச்சியின் பேரில் 2023-ல் கெடு 2031-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கெடுவையே நீக்கிவிட உத்தேசிப்பதாக 2024 டிசம்பரில் சர்க்கார் அறிவித்தது. அறிவிப்பு சட்டமாக அமையும்வரை எந்த ஜனசமூகமும் உறங்கலாகாதென்பதே நமது அபிப்பிராயம்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கதவைத் திறந்தபடி விட்டுப் போகிறவரும், ஆட்டு மந்தையிடையே நாயை அவிழ்த்துவிடுகிறவரும், தம் பூட்ஸ் அழுக்காகாமலிருக்கப் பிறர் பயிரை மிதிக்கிறவரும் உரிமையின் நண்பர்களல்லர். அவர்கள் சேற்றினூடே நேராக நடப்பதே நியாயம். ஆனால் குடியானவரின் இந்தக் கஷ்டத்தைக் காட்டிப் பாதையையே மூடப் பார்க்கும் பெருநிலக்காரரின் வாதத்தை நாம் ஏற்க முடியாது. நோய் பாதையைப் பேணாமையில் இருக்கிறது. அதே சில்டர்ன் குன்றுகளின் அடியில், அதிவேக ரயிலுக்கென்று 10 மைல் நீளச் சுரங்கம் குடையப்பட்டிருக்கிறது. மேலே சேற்றுக்குச் சரளை கொட்டுவதும் வேலிக்குக் கதவு மாட்டுவதும் பெரும்பாலும் சில்டர்ன் சங்கம் போன்றவற்றின் தொண்டர்களின் உழைப்பால் நடக்கிறது. பூமிக்கடியில் விரைந்து செல்பவருக்குப் பொக்கிஷம் திறக்கும்; மேலே நடப்பவருக்கு மண்வெட்டியும் அவர் கையில்தானா?

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்டு சட்டம் ஆதியில் அமுலுக்கு வந்த பிரதேசங்களில் சென்னை ராஜதானியும் ஒன்று. அது பெரும்பாலும் அண்டை நிலத்தாரிடையே எழும் பாத்தியதைகளைப் பற்றியது. எனினும் வழியுரிமைக்கு அதிலும் இருபது வருஷமே அளவு. பகிரங்கமாக, சமாதானமாக, இடையறாது அநுபவித்ததைக் காட்டவேண்டும். வக்கீலாக இத்தகைய வழக்குகளைக் கண்டவர் எவரும் ஒன்றை அறிவார்: கோர்ட்டில் முதலில் எழும் கேள்வி, “யார் நடந்தார்கள், எத்தனை காலம் நடந்தார்கள்?” என்பதே. பாதையைப் பற்றி மேடையில் பேசியவரின் சாட்சியம் அங்கே உதவாது. நடந்தவரின் சாட்சியமே உதவும்.

ஆகவே, மழை நாளில் அமர்ஷாமிலிருந்து செஷாமுக்கு முழங்கால்வரை சேற்றோடு வந்து சேரும் மனிதரைப் பார்த்து நகைக்க வேண்டாம். அன்றைய தினத்துக்கு அந்தப் பாதையைப் பொதுஜனங்களின் வசத்தில் வைத்திருந்தவர் அவர்.