ஐந்நூறு ரூபாய்க்கு நீராவிச் சத்தம்

போன மாதம் கோவையில் மாடல் ரயில் வைத்திருக்கும் நாலைந்து பேர் ஒரு வீட்டு மாடியில் கூடியிருந்தோம். என்னுடைய பழைய 12 வோல்ட் அனலாக் செட்டை ஓடவிட்டேன். பலகைக்கு அடியிலிருந்து 'குப்... குப்...' என்று சத்தம் வந்ததும் ஒரு பெரியவர் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, டிசிசிக்கு மாத்திட்டீங்களா?"

"இல்லீங்கய்யா, அனலாக்தானுங்க. அடியில ஒரு ஸ்பீக்கர் வெச்சிருக்கேன்."

"அப்ப அது பொம்மைச் சத்தமுங்க" என்று நிமிர்ந்துகொண்டார்.

காபி கொடுத்த வீடு என்பதால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

டிசிசி நல்ல நுட்பம், அதோடு எனக்குச் சண்டை இல்லை. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் இருக்கும் சில்லு கட்டளையைப் படித்துக்கொள்ளும். ஆனால் சத்தம் தரும் நல்ல சில்லு ஒன்றே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. நாலு எஞ்சின் வைத்திருப்பவன் என்ன செய்வான்? அதே சில்லை அனலாக்கில் ஓட்டலாம் என்பார்கள். ஓட்டலாம்தான். ஆனால் தண்டவாளத்தில் சில வோல்ட் ஏறிய பிறகுதான் அது கண் விழிக்கும். ஸ்டேஷனில் நிற்கும்போது ஊமை. நீராவி எஞ்சின் நின்றுகொண்டு பெருமூச்சு விடுவதைக் கேட்கத்தானே சின்ன வயதில் பிளாட்பாரத்தில் நின்றோம்?

இன்னொன்று. எஞ்சினுக்குள் அடங்கும் ஸ்பீக்கர் கட்டைவிரல் நகத்தளவு. அதிலிருந்து அடித்தொண்டைச் சத்தம் வரவே வராது, கொசு கத்துவது போலத்தான் இருக்கும். பழைய டிவியில் கழற்றிய நாலு இஞ்சு ஸ்பீக்கரைப் பலகைக்கு அடியில் திருகினால் மேசையே அதிரும். எஞ்சின் அந்தக் கோடியில் இருக்க, சத்தம் இந்தக் கோடியில் வருகிறதே என்றால், ஆமாம், வருகிறது. ஆனால் தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. விசிலில்தான் குட்டு உடையும்.

வேலை இவ்வளவுதான். மெமரி கார்டு செருகும் எம்பி3 பலகை ஒன்று, ஆர்டுயினோ நானோ ஒன்று, இரண்டுக்கும் மின்சாரம் பழைய மொபைல் சார்ஜரிலிருந்து. தண்டவாள வோல்ட்டை ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வழியாக, ஆப்டோகப்ளர் வைத்துப் பிரித்து நானோவுக்குக் காட்டுகிறோம். திசை மாறி ப்ளஸ் மைனஸ் புரண்டாலும் கவலை இல்லை. வோல்ட் ஏறினால் குப்-குப் நெருங்கும், வோல்ட் இல்லாவிட்டால் நின்று மூச்சுவிடும். எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள்.

கணக்கையும் போட்டுவிடுகிறேன். டபிள்யூபி எஞ்சினின் பெரிய சக்கரம் 5 அடி 7 அங்குலம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.35 மீட்டர் நகரும், நாலு குப். மணிக்கு 10 கிலோமீட்டரில் நொடிக்கு இரண்டு குப், 60-ல் பன்னிரண்டு. அந்த வேகத்தில் காது எண்ணுவதை விட்டுவிடுகிறது, ஒரே இரைச்சல்தான். பொம்மை என்றாரே, இந்தக் கணக்கு பொம்மைக் கணக்கா?

உண்மையான கோபம் வேறு இடத்தில். அந்தப் பத்தாயிரம் ரூபாய்ச் சில்லுகளில் வருவதெல்லாம் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்க எஞ்சின்களின் குரல். நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் மேட்டுப்பாளையம். அங்கே ஊட்டி ரயிலின் எக்ஸ் கிளாஸ் இன்னும் ஓடுகிறது. அதற்கு நாலு சிலிண்டர். கல்லாறு வரை கீழிரண்டு மட்டும் வேலை செய்யும். கல்லாறு தாண்டிப் பல் தண்டவாளம் ஏறியதும், கீழே வேலை முடித்த நீராவி மேலிரண்டுக்குப் போய், இரண்டாம் முறை உழைத்துவிட்டு வெளியேறும். 1-க்கு 12 ஏற்றத்தில் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகையில் அதன் தாளமே மாறிப்போகும். நிலக்கரி போய் எண்ணெய் வந்ததில் பர்னர் உறுமலும் சேர்ந்துகொண்டது. நிலக்கரிக் காலத்துச் சத்தத்தை நம்மில் எத்தனை பேர் ஒழுங்காகப் பதிவு செய்து வைத்தோம்? நான் வைக்கவில்லை. பொள்ளாச்சி மீட்டர் கேஜில் ஓடிய நீராவி வண்டியின் குரலும் என்னிடம் இல்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்தவர் ஜி.டி.நாயுடு. அவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, விலை குறைவு என்பதற்காகவே ஒன்றைப் பொம்மை என்கிறோம். லேத்துப் பட்டறையும் பம்புசெட்டு மோட்டாரும் வைத்தே வளர்ந்த ஊர் இது. வெளியே வாங்குவதைப் பிரித்துப் பார்த்து, பாதி விலையில் செய்து பார்ப்பது இங்கே யாரும் வெட்கப்பட்ட காரியம் இல்லை.

அடுத்த ஞாயிறு காலை ஒரு பதிவுக் கருவியோடு கல்லாறில் நிற்கப் போகிறேன். எடுத்த ஒலிக்கோப்பைக் கேட்பவர்களுக்கெல்லாம் சும்மாவே தருவேன், டிசிசி வைத்திருப்பவர்களுக்கும். பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன். "பாக்கலாமுங்க" என்றிருக்கிறார்.