கடனுக்குப் பெயர் தொழில் முனைவா?

வேலை கேட்டு வரும் இளைஞனிடம், “வேலை தேடாதே, வேலை கொடுப்பவனாக மாறு!” என்று உபதேசம் செய்கிறார்கள். கூலி போதாமல் தவிக்கும் பெண்ணிடம், “கடன் தருகிறோம், நீயும் தொழில் முனைவோர் ஆகலாம்” என்கிறார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், வேலையின்மைக்குச் சர்க்கார் பொறுப்பல்ல, ஏழையின் சாமர்த்தியக் குறைவே காரணம் என்ற விஷம் அந்த இனிப்புக்குள் இருக்கிறது.

இந்த மருந்து வங்க தேசத்தில் பிறந்தது. 1976-ல் முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குத் தம் கைப்பணத்திலிருந்து 27 டாலர் கடன் கொடுத்தார். லேவாதேவிக்காரனிடமிருந்து அவர்களை மீட்பதே அவர் நோக்கம். அவருடைய நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. 2006-ல் அவருக்கும் அவருடைய கிராமின் வங்கிக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஏழைகள் தவணை தவறாமல் கட்டுகிறார்கள் என்ற செய்தி மூலதனத்தின் காதில் விழுந்தது. அதன் பிறகு நடந்ததென்ன?

ஒன்றுபட்ட ஆந்திராவைப் பாருங்கள். அங்கே மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நூற்றுக்கு மாதம் கால் ரூபாய் என்ற ‘பாவலா வட்டி’ ஏற்பாடு இருந்தது. அதாவது வருஷத்துக்கு 3 சதவிகிதம். மீதியைச் சர்க்கார் ஏற்றது. அதே பெண்களிடம் தனியார் கடன் கம்பெனிகள் 25 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்கின. வாரா வாரம் வசூல்! ஒருத்தி தவணை கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியையே வசூல் அமீனாவாக்கிய தந்திரம் இது.

எஸ்.கே.எஸ். என்ற கம்பெனி லாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கியது. 2010 ஆகஸ்டில் அது பங்குச் சந்தையில் ஏறியது. திரட்டிய தொகை 1,600 கோடி ரூபாய்க்கு மேல். பங்குகளுக்கு வந்த விண்ணப்பமோ 13 மடங்குக்கு மேல். அதே அக்டோபரில், கடன் நெருக்கடியால் தற்கொலைகள் என்ற செய்திகள் குவியவே, மாநில சர்க்கார் அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. முனைந்தவள் யார், லாபம் அடைந்தவன் யார்?

“வசூல் முறைதான் தவறு, தொழில் முனைவு தவறில்லையே” என்று சிலர் வாதிக்கக்கூடும். சரி, கடன் வாங்கி ஒருத்தி இட்லிக் கடை போடுகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அதே தெருவில் இன்னும் மூன்று பேர் போடுகிறார்கள். இட்லி வாங்குகிறவனின் கூலி ஓரணாகூட உயரவில்லை! இருந்த வியாபாரத்தை நால்வரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். வட்டி மட்டும் நான்கு மடங்காகும்.

இது நமது கற்பனையல்ல. ஹைதராபாத் பேட்டைகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் நடத்திய ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்தது. கடன் வாங்கியவர்கள் தொழிலில் சற்று முதல் போட்டார்கள். ஆனால் குடும்பங்களின் மொத்தச் செலவில் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. பிள்ளைகளின் படிப்பிலும் மாறுதல் இல்லை. இவ்விருவரும் 2019-ல் பொருளாதார நோபல் பெற்றவர்கள், கம்யூனிஸ்டுகள் அல்ல!

2015-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த முத்ரா திட்டத்திலும், முதல் பத்தாண்டுகளில் எண்ணிக்கையில் பெரும்பகுதி 50,000 ரூபாய்க்கு உட்பட்ட ‘சிசு’ கடன்களே. இதை வைத்து யாருக்கு வேலை கொடுப்பது? தனக்கே ஒரு தள்ளுவண்டி வாங்கலாம்.

ஆந்திர அனுபவத்துக்குப் பின் 2011-ல் ரிசர்வ் வங்கி 26 சதவிகித வட்டி உச்சவரம்பு விதித்தது. பின்னர் விதி மாறியது. 2022 ஏப்ரலில் உச்சவரம்பே எடுக்கப்பட்டது. வட்டியைக் கம்பெனிகளின் நிர்வாகக் குழுக்களே நிர்ணயித்துக்கொள்ளலாமாம்! உச்சவரம்பை உடனே திரும்ப விதிக்க வேண்டும். இடைத்தரகுக் கம்பெனிகளுக்கு மொத்தமாகப் பணம் கொடுக்கும் பொதுத்துறை வங்கிகள், அதைக் குறைந்த வட்டியில் மகளிர் குழுக்களுக்கு நேராகவே கொடுக்கட்டும். காலியாகக் கிடக்கும் சர்க்கார் உத்தியோகங்களை நிரப்பட்டும்.