ஆஸ்பத்திரி வாசல் சட்டம்

அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவு வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், யாராவது ஒருவர் வந்துவிடுவார். “இப்போ பைசா வேண்டாம்மா. பணம் வந்ததும் முப்பது பர்சன்ட் கொடுத்தா போதும். கையெழுத்தை மட்டும் போடுங்க, மத்ததை நம்ம வக்கீல் சார் பாத்துப்பார்.” பேசுகிறவர் வக்கீல் இல்லை. பல நேரம் வக்கீல் குமாஸ்தாகூட இல்லை. ஆனாலும் விபத்து வழக்கு என்றால் இப்படித்தான் என்று ஊரே நம்புகிறது.

முதலில் அந்த பர்சன்ட். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதற்கும் அனுமதி கிடையாது. அமெரிக்காவில் பங்கு முறை செல்லும். அதைப் படத்தில் பார்த்துவிட்டு இங்கேயும் அதுதான் சட்டம் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். ‘கையில் காசில்லாதவர் வேறென்ன செய்வார்?’ என்ற கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. விபத்தில் இறந்தவருக்காக வழக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் மனைவி, பிள்ளைகள், தாய்தான். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வாசலில் நிற்பவர் இதைச் சொல்ல மாட்டார், அது அவர் பிழைப்பு.

அடுத்து, ‘எவ்வளவு வரும் என்பது ஜட்ஜ் மனசு, நம்ம வக்கீல் பேசித்தான் வாங்கணும்’ என்ற பேச்சு. இதுதான் பெரிய பொய். உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017இல் பிரணய் சேத்தி வழக்கிலும் இதற்கு வாய்ப்பாடே போட்டுக் கொடுத்துவிட்டது. முப்பத்திரண்டு வயதுக் கொத்தனார் விபத்தில் இறந்துவிட்டார், மாத வருமானம் 15,000 என்று நிரூபணமாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பதுக்குக் கீழே, சுயதொழில்: எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவரை நம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர். அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 16. ஆக, 30,24,000 ரூபாய். ஈமச்சடங்கு, துணையை இழந்ததற்கான தொகை, வட்டி எல்லாம் இதற்கு மேல்.

இதில் முப்பது பர்சன்ட் என்றால் ஒன்பது லட்சத்துக்கு மேல் போகும். வக்கீலின் உழைப்பு உண்மையில் வேண்டியிருப்பது அந்த 15,000ஐ நிரூபிக்க. சம்பள ரசீது இல்லாதவருக்கு மேஸ்திரியின் சாட்சியம், நலவாரிய அட்டை, வங்கிக் கணக்கு என்று தேடிச் சேர்க்க வேண்டும். அதைச் செய்கிறாரா என்றுதான் வக்கீலைப் பார்க்க வேண்டும்; பர்சன்ட் குறைவா கூடவா என்று அல்ல.

‘ஹெல்மெட் போடல, வண்டியில மூணு பேரு, ஒண்ணும் தேறாது’ என்பது பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்லும் தீர்ப்பு. அதைக் கேட்டுவிட்டு வழக்கே போடாமல் இருப்பவர்கள் உண்டு. மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே விபத்தில் அவர்களுக்கும் பங்கிருக்கிறது என்று சொல்ல முடியாது, அதுதான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. ஹெல்மெட் இல்லாததற்குத் தொகையில் ஒரு பகுதி கழிக்கப்படலாம், உரிமையே போய்விடாது. மோதியவரிடம் லைசென்ஸ் இல்லையென்றாலும் கதை முடிந்துவிடாது. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று வழக்கை விசாரிக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் 2022ஆம் ஆண்டுத் திட்டப்படி உயிரிழப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம். குறைவுதான்.

‘எப்ப வேணா போடலாம், அவசரமில்ல’ என்பது ஒரு காலத்தில் சரி. 1994இல் எடுக்கப்பட்ட காலவரம்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் திரும்ப வந்து, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது: விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். இதை எதிர்த்த வழக்கில், காலம் கடந்தது என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாமென்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பிக்கொண்டு யாரும் சும்மா இருக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் கையோடு வாங்கி வையுங்கள். விபத்து உளுந்தூர்பேட்டையில் நடந்தாலும், நீங்கள் குடியிருப்பது தூத்துக்குடி என்றால் அங்கேயே வழக்குப் போடலாம்.

வக்கீலை நேரில் பார்க்காமல் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டணத்தை இவ்வளவு ரூபாய் என்று பேசுங்கள், தவணை கேட்பதில் வெட்கமில்லை. மனுவின் நகலையும் எம்.சி.ஓ.பி. எண் எனப்படும் வழக்கு எண்ணையும் வாங்கிக்கொண்டால் வாய்தா தேதியை ஈ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். தொகையை உங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்பும்படி கேளுங்கள். எதுவும் எழுதாத செக்கில் கையெழுத்துக் கேட்கிற வக்கீலை மாற்றிவிடலாம். வழக்கு நடக்கும்போதே அதைச் செய்ய கட்சிக்காரருக்கு உரிமை உண்டு.