இட்லிக் கணக்கு

என் மகள் ஆசிரியப் பயிற்சி மாணவி. சென்ற மாதம் இங்கே தாராவியில், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்தினாள்.

கடைசி வரிசையில் ஒரு சிறுவன். ஆங்கிலப் பள்ளியில் இரண்டாண்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டு வந்தவன். ‘மந்தம்’ என்று பெயர். ஐம்பதில் பதினெட்டைக் கழிக்கச் சொன்னால் தலை குனிந்தான். அவன் தாயார் விடியற்காலையில் இட்லி விற்பவர்.

“தம்பி, அம்மா ஐம்பது இட்லி கொண்டு போனாங்க. பதினெட்டு மிஞ்சிடுச்சு. எத்தனை வித்துச்சு?”

“முப்பத்திரண்டு, டீச்சர்!”

அன்று மாலை மகள் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை முதல் சம்பளம் கூடத் தராது.

பையன் மந்தமல்ல, பாஷைதான் குறுக்கே நின்றது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற வசதி வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதல் சொல்கிறது. வகுப்பு இருந்தும் நாம் பிள்ளைகளை அனுப்பாவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

ஆங்கிலம் வேண்டாம் என்று யார் சொன்னது? தமிழ்ப் பள்ளியிலும் அது ஒரு பாடம்தான். மராத்தியும் இந்தியும் தெருவிலேயே வந்துவிடும். அஸ்திவாரம் மட்டும் அம்மா பேசும் மொழியில் இருக்கட்டும். ஜூன் மாதம் பள்ளியில் பெயர் கொடுக்கும் முன் பெற்றோர்கள் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.