அடியாத குதிரை படியும்

'அடியாத மாடு படியாது' என்ற நம்மூர்ப் பழமொழியை டெக்சாஸிலோ வயோமிங்கிலோ போய்ச் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மாட்டை எடுத்துவிட்டுக் குதிரையைப் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். குதிரை முரண்டு பிடிக்கும். பிடித்தால் யார் எஜமான் என்று காட்டிவிட வேண்டும். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்க மேற்கின் மாட்டுப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் இந்த வேதத்தை, நடிகர் ஜெய்சங்கர் கௌபாய் தொப்பி மாட்டிய படங்களும் சிவகாசியில் அச்சான காமிக்ஸ்களும் நம் வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தன. காமிக்ஸ் கௌபாய் லக்கி லூக்கின் குதிரை ஜாலி ஜம்பர் மட்டும் விதிவிலக்கு. அது எஜமானைவிடப் புத்திசாலி.

அந்த வேதத்துக்குச் சிலைகூட உண்டு. ஃபிரெடெரிக் ரெமிங்டன் 1895-ல் செய்த வெண்கலச் சிற்பத்தில் குதிரை பின்னங்காலில் எழும்பி நிற்கிறது, மேலே இருப்பவன் சவுக்கோடு அதை அடக்குகிறான். அதன் வார்ப்பு ஒன்று பல ஜனாதிபதிகளின் காலத்தில் வெள்ளை மாளிகையின் ஓவல் அறையில் இருந்திருக்கிறது. வயோமிங் மாநிலம் 1936-லிருந்து தன் வண்டி நம்பர் பிளேட்டில் துள்ளும் குதிரையையும் விழாத சவாரிக்காரனையும் போட்டுக்கொள்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு குதிரையிடம் வேலை வாங்கப் போகிறவன் ஏமாந்துதான் திரும்புவான்.

அந்தக் காலத்துக் குதிரை அடக்குபவனுக்குக் கூலி பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. நாலைந்து வயது வரை மனிதக் கையே படாமல் மேய்ந்த குதிரையைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டி, கண்ணைத் துணியால் மூடி, சேணத்தைப் போட்டு, துள்ளி ஓயும் வரை மேலே உட்கார்ந்திருப்பான். சில நாளில் கணக்கு முடிந்தது, அடுத்த குதிரை. அந்த முறையில் சவாரிக்குக் குதிரை கிடைத்ததா என்றால், கிடைத்தது. எப்படிப்பட்ட குதிரை? குளிர்ந்த காலையில் சேணத்தைப் போட்டவுடன் மறுபடி துள்ளுகிற குதிரை. பயந்து நின்றதைப் பணிந்து நின்றதாக எடுத்துக்கொண்டார்கள்.

இன்று இந்த மூடநம்பிக்கை வெட்டவெளிச்சமாகிற இடம் டிரெய்லர் கதவு. இப்போது பெரும்பாலான பண்ணைகளில் கௌபாய் மேய்ச்சல் நிலம் வரை குதிரைமேல் போவதில்லை. விடியலுக்கு முன் சேணம் கட்டிய குதிரைகளை டிரெய்லரில் ஏற்றி, பிக்கப் வண்டியில் இழுத்துக்கொண்டு போய், மாடு நிற்கும் இடத்தில் இறக்குவார்கள். ஆகவே ஏறுவதும் இறங்குவதும் அந்தக் குதிரைக்கு அன்றாட வேலை. ஏறாத குதிரைக்கு 'திமிர் பிடித்தது' என்று பட்டம்.

அந்தக் கதவருகே நின்று பாருங்கள். குதிரைக்கு ஏறத்தாழ 350 டிகிரி சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். உள்ளே இருட்டு. தளத்தில் முதல் குளம்பை வைத்ததும் பலகை 'டொம்'மென்று அடியில் வெற்றிடம் இருப்பதைச் சொல்கிறது. ஓடித் தப்பியே இத்தனை லட்சம் ஆண்டு பிழைத்த விலங்கு அது. ஓட வழியில்லாத குகைக்குள் போகச் சொன்னால் நின்று யோசிக்காமல் என்ன செய்யும்? அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே நின்று, குதிரையின் முகத்தையே முறைத்தபடி, தான் வழியை அடைத்துக்கொண்டு நிற்பது தெரியாமல் கயிற்றை இழுக்கிறார். இன்னொருவர் பின்னால் நின்று கயிற்று நுனியால் விளாசுகிறார். குதிரை தலையைத் தூக்கி மேல்விளிம்பில் இடித்துக்கொண்டு பின்னால் பாய்கிறது. கை எரிவதால் முன்னால் நிற்பவர் கயிற்றைத் தளர்த்துகிறார்.

பாடம் அந்த நொடியில் முடிந்துவிட்டது. கயிறு எப்போது தளர்ந்தது? குதிரை பின்னால் பாய்ந்தபோது. குதிரை கற்பது இழுவிசையிலிருந்து அல்ல, அது தளரும் கணத்திலிருந்து. 'பின்னால் பாய்ந்தால் விடுதலை' என்று அவரே சொல்லிக்கொடுத்துவிட்டு, சொல்லிக்கொடுத்ததை அது அட்சரம் பிசகாமல் செய்தால் திமிர் என்கிறார். வாத்தியார் தப்பாகச் சொல்லித்தந்த கணக்குக்கு மாணவனைப் பிரம்பால் அடிப்பது எந்த ஊர் நியாயம்?

இதையே திருப்பிச் செய்தால் போதும். லேசாகக் கேட்க வேண்டும். குதிரை முன்பக்கம் எடையைச் சாய்த்த அந்தக் கணத்திலேயே கயிற்றை விட வேண்டும். ஒரு காலை வைத்ததும் இறக்கிவிட்டு, மறுபடி கேட்க வேண்டும். இறங்கவும் வழி உண்டு என்று தெரிந்த குதிரைக்கு ஏறுவதில் பயம் குறைகிறது. முதல் நாள் இதற்கு ஒரு மணி நேரம் போகலாம். அடிப்பவருக்கோ ஒவ்வொரு விடியலிலும் அரை மணி நேரம் போகிறது. அதை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏற்றிக் கதவைச் சாத்தியதும் இரண்டாவது பொய் தொடங்குகிறது: 'வண்டியில் சும்மாதானே நிற்கிறது!' சும்மா இல்லை. குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் சுமார் 500 கிலோ உடம்பை அது தாங்கிப் பிடித்து நிறுத்த வேண்டும். பயணத்தில் இதயத்துடிப்பை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அந்த உழைப்பு குதிரை நடப்பதற்கு ஏறத்தாழ ஈடாகும் என்று கண்டார்கள். தலையைத் தாழ்த்த முடியாதபடி உயரத்தில் கட்டிவிட்டால் இன்னும் மோசம்: தலை தாழ்ந்தால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வடியும், நீண்ட நேரம் நிமிர்ந்தே நின்றால் கிருமி நுரையீரலுக்கு இறங்கும். நெடும்பயணத்துக்குப் பிறகு வரும் நுரையீரல் காய்ச்சலுக்கு இது முக்கியக் காரணம். இரண்டு மணி நேரம் குலுங்கி வந்த குதிரையை இறக்கிய கையோடு கன்றைத் துரத்தச் சொல்லிவிட்டு, 'இன்றைக்கு இதற்குச் சோம்பல்' என்கிறவரை என்ன சொல்வது?

சட்டமும் பெரிய யோக்கியம் இல்லை. ரயிலில் கால்நடைகள் செத்து விழுந்த காலத்தில், 1873-ல், 28 மணி நேரத்துக்கு மேல் இறக்காமல் கொண்டுபோகக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. அடிப்படைக் கணக்கு இன்றும் அதே 28-தான். ஐரோப்பிய விதி குதிரைக்கு 24 மணி நேரம் என்கிறது, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள் என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை. சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஓட்டினேன் என்பவரிடம் குதிரை நலமா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

'இதெல்லாம் பொழுதுபோக்குக்குக் குதிரை வளர்க்கும் பட்டணத்துக்காரர் பேச்சு. மதியத்துக்குள் முந்நூறு மாட்டைத் திரட்ட வேண்டியவனுக்கு ஆகாது' என்று பதில் வரும். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. கொஞ்சிக் கெடுக்காமலும் அடித்துக் கெடுக்காமலும் குதிரையோடு வேலை செய்யலாம் என்று காட்டிய டாம் டாரன்ஸ் (1910–2003) ஆரெகனில் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். ரே ஹன்ட் (1929–2009) நெவாடா பண்ணைகளில் உழைத்த கௌபாய். ஹோண்டோ என்ற குதிரையோடு மல்லுக்கட்டிச் சலித்துத்தான் அவர் டாரன்ஸைத் தேடிப் போனார். ஹன்டின் மாணவர் பக் பிரான்னமன் சிறுவயதில் தகப்பனிடம் கொடூரமாக அடிவாங்கியவர். அடி என்ன கற்றுக்கொடுக்கும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இவர்கள் யாரும் பட்டணத்துப் பொழுதுபோக்குக்காரர்கள் அல்ல.

அதற்காகக் 'குதிரையின் பாஷை எனக்குத் தெரியும்' என்று டிவிடியும் விசேஷக் குச்சியும் விற்கிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வட்டத் தொழுவத்தில் குதிரையைச் சுற்றிச் சுற்றி விரட்டி, களைத்து அருகே வந்ததும் 'என்னைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது' என்று கண்கலங்குவதும் அதே எஜமான் புராணம்தான். சவுக்கு மட்டும் இல்லை. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் மனிதனுக்குப் பதில் ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள். தொல்லையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சரியாகச் செய்தபோது, குதிரைகள் காரிடமும் அதே மாதிரி நடந்துகொண்டன. பொம்மைக் காரைத் தலைவனாக ஏற்றுக்கொண்டன என்று யாரும் புத்தகம் எழுதவில்லை.

பண்ணைக்காரருக்குக் கருணை புரியாவிட்டாலும் காசு புரியும். குதிரை வாங்கப் போகிறவருக்கு அனுபவசாலிகள் சொல்லும் முதல் யோசனைகளில் ஒன்று, 'உங்கள் கண்ணெதிரில் டிரெய்லரில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்' என்பது. அடித்துப் பழக்கியவர் அந்த நேரத்தில்தான் விலையைக் குறைத்துப் பேசத் தொடங்குவார். அன்று காலை விற்பனைக்கு அந்தக் குதிரையை எப்படி ஏற்றிக் கொண்டுவந்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.