டம்ளர் கழுவினா கை தேஞ்சு போயிடுமா?

முன்குறிப்பு: சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க முடிச்சுட்டு வாங்க. வரும்போது தட்டைக் கழுவி வெச்சுட்டு வாங்க. ஏன்னு போகப் போகத் தெரியும்.

எங்க ஊர் பொட்டிபுரம். பேரைக் கேட்டதும் "நியூட்ரினோ ஊரா?"ன்னு கேட்பீங்க. ஆமாங்க, அதேதான். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்து, எங்க மலையைக் குடைஞ்சு கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப் போறோம்னு சொன்னாங்களே, அந்த ஊர். அப்புறம் போராட்டம், பசுமைத் தீர்ப்பாயம், கோர்ட்டுன்னு அது ஒரு பெரிய கதை. அதை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். இன்னிக்கு நான் பேசப் போறது கண்ணுக்கு நல்லாவே தெரியுற, ஆனா யார் கண்ணுக்கும் படாத ஒரு பொருளைப் பத்தி.

ஆபீஸ் சிங்க்ல கிடக்குற எச்சில் டம்ளர்.

சிரிக்காதீங்க மக்களே, சீரியஸாத்தான் சொல்றேன்.

பி.காம் மூணாவது வருஷம். காலேஜ் முடிஞ்சு மத்தியானம் போடியில ஒரு ஏலக்காய் வியாபார ஆபீஸ்ல டேலி போடப் போறேன் (பேரெல்லாம் கேட்கக் கூடாது, சம்பளம் வாங்கணும்). ஆபீஸ் ஓரத்துல சின்னதா ஒரு ரூம். ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு பால் பாத்திரம், கொஞ்சம் எவர்சில்வர் டம்ளர், ஒரு சிங்க். எங்க டீயில ஏலக்காய்க்குக் குறைச்சலே இருக்காது. சாம்பிள் பையில இருந்து நாலு காயை நசுக்கிப் போட்டா ரூமே மணக்கும்.

அந்த மணம் சிங்க் வரைக்கும்தான். சிங்க்கை எட்டிப் பார்த்தீங்கன்னா காலையில குடிச்ச டம்ளர் மேல பதினொரு மணி டம்ளர், அதுக்கு மேல மத்தியானம் யாரோ கொட்டின சாம்பார், அதுல ஊறுற டிபன் பாக்ஸ் மூடி, மூடிக்கு அடியில அடைச்சுக்கிட்ட சோத்துப் பருக்கை. ஓரத்துல எறும்பு வரிசை. எறும்பு மட்டும்தான் அந்த ஆபீஸ்ல ஒழுங்கா வேலை பார்க்குது.

இதை எல்லாம் யார் கழுவுறது? கூட்டிப் பெருக்க வர்ற ஒரு அக்கா. அவங்களைப் பேசி வெச்சது காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கூட்டித் துடைக்க. சிங்க் அந்தப் பேச்சுல இல்லவே இல்லை. முதல் நாள் யாரோ "அப்படியே இதையும் கழுவிடுங்கக்கா"ன்னு சொல்லியிருக்காங்க. அந்த "அப்படியே"ங்கிற ஒரு வார்த்தைதான் மூணு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு.

நான் காமர்ஸ் பையன். கணக்கு போட்டுப் பார்த்தேன். ஆபீஸ்ல 14 பேர். ஆளுக்கு மூணு டீ. மொத்தம் 42 டம்ளர். குடிச்ச உடனே ஒரு டம்ளரைக் கழுவ 20 செகண்ட். அதாவது ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிமிஷம். அதே 42 டம்ளரும் ஒருத்தர் தலையில விழுந்தா 14 நிமிஷம். அதுவும் உடனே கழுவினா மட்டும்தான். ஆடை காய்ஞ்சு ஒட்டினதைத் தேய்க்கிறதுக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு ஆகும். நமக்கு மிச்சமாகுற ஒரு நிமிஷம் அந்தக்காவுக்கு அரைமணி நேரமாப் போய்ச் சேருது. அதுக்குச் சம்பளமும் கிடையாது. இதை எந்த லெட்ஜர்ல எந்தப் பக்கம் எழுதுறது?

போன மாசம் நான் வாயைத் திறந்தேன். "அவங்கவங்க டம்ளரை அவங்கவங்களே கழுவி வெச்சுடலாமே"ன்னு. அவ்வளவுதான், எனக்குக் கிடைச்ச பதிலை எல்லாம் வரிசையா எடுத்து வெச்சு, ஒவ்வொண்ணாத் துவைக்கலாம்னு இருக்கேன்.

பதில் ஒண்ணு: "ஒரு டம்ளர்தானே தம்பி, அதுல என்ன வந்துடப் போகுது?"

இதே பதிலைத்தான் 14 பேரும் சொல்றாங்க. பொருளாதாரத்துல இதைப் பத்தி ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கு. காரட் ஹார்டின்னு ஒருத்தர் 1968ல எழுதினார். பொதுவா இருக்குற மேய்ச்சல் நிலத்துல ஒவ்வொருத்தனும் "ஒரு மாடுதானே"ன்னு கூடுதலா ஒண்ணை விடுவான், கடைசியில புல்லே இருக்காதுன்னார். அதனால ஒண்ணு அரசாங்கம் எடுத்துக்கணும், இல்லைன்னா தனியார் எடுத்துக்கணும்கிற மாதிரி முடிவுக்குப் போயிட்டாங்க. எலினார் ஆஸ்ட்ராம்னு ஒரு அம்மா வந்து "அப்படி எல்லாம் இல்லைங்க"ன்னு சொன்னாங்க. ஸ்விட்சர்லாந்து மலை மேய்ச்சல் நிலம், ஸ்பெயின்ல வலென்சியா வாய்க்கால்கள்னு தேடித் தேடிப் பார்த்து, பயன்படுத்துறவங்களே கூடி விதி போட்டு, அவங்களே கண்காணிச்சு, மீறினவனுக்குச் சின்னதா ஒரு தண்டனையும் வெச்சா, பொதுச் சொத்து நூத்துக்கணக்கான வருஷம் நிலைக்கும்னு 1990ல புத்தகமா எழுதினாங்க. 2009ல நோபல். பொருளாதாரத்துல அந்தப் பரிசு வாங்கின முதல் பெண் அவங்கதான்.

இதுக்கு ஸ்பெயின் வரைக்கும் போவானேன்? நம்ம குடிமராமத்து என்ன? கண்மாய்த் தண்ணி பாயுற குடிகளே சேர்ந்து தூர் வாரி, கரை போட்டு, மடை பார்த்து வெச்சிருந்த ஊருங்க இது. அந்தப் பழக்கம் தேய ஆரம்பிச்சதும் வெள்ளைக்காரன் 1858ல சட்டம் போட்டே ஆளைக் கூப்பிடப் பார்த்தான். அப்புறம் கண்மாய் பொதுப்பணித் துறை கைக்குப் போச்சு, "அது கவர்மெண்ட் வேலை"ன்னு நாம கையைத் தட்டிவிட்டுட்டோம். கண்மாய் தூர்ந்ததுக்கு இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா "அது இன்னொருத்தர் வேலை"ங்கிற நினைப்பு எங்க வருதோ, அங்க சேறு சேரும். கண்மாயா இருந்தாலும் சரி, சிங்க்கா இருந்தாலும் சரி. (குடிமராமத்துல மட்டும் எல்லாரும் சமமா மண் சுமந்தாங்களாக்கும்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. அதுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்.)

பதில் ரெண்டு: "அப்புறம் அந்தம்மாவுக்கு எதுக்குச் சம்பளம்?"

கணக்குப் பார்க்குற அண்ணன் ஒருத்தர் சொன்னது. அண்ணே, நீங்க பேலன்ஸ் ஷீட்ல ஒரு ரூபாய் உதைச்சா ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து தேடுறவர். வவுச்சர் இல்லாத செலவைப் பாஸ் பண்ணவே மாட்டீங்க. அந்தம்மாவோட அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் வவுச்சர் எங்கேண்ணே? கழுவுறது அவங்க வேலைதான்னா, வேலைன்னு சொல்லி, நேரம் சொல்லி, அதுக்குக் காசு பேசி வைங்க. நான் வாயை மூடிக்கிறேன். காசும் கூட்டிக் கொடுக்க மாட்டோம், டம்ளரையும் கழுவ மாட்டோம்னா அதுக்குப் பேர் சம்பளம் இல்லைண்ணே, ஓசி.

பதில் மூணு: "பேசாம பேப்பர் கப் வாங்கிடலாம்."

அடடா, என்ன ஒரு தீர்வு! தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்து தடை செஞ்ச பொருட்கள் பட்டியலை எடுத்துப் பாருங்க, பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பும் அதுல இருக்கு. அப்படியே வாங்கினாலும் சிங்க்ல கிடந்தது குப்பைக்கூடைக்குப் போகும். அந்தக் கூடையைத் தூக்குறதும் அதே அக்காதான். 20 செகண்டைத் தவிர்க்க மனுஷன் எவ்வளவு தூரம் போவான்னு பாருங்க.

பதில் நாலு: பதிலே இல்லை, நோட்டீஸ்.

நான் பேசின மறுநாள் சிங்க்குக்கு மேல ஒரு பிரிண்ட் அவுட் ஒட்டியிருந்தது. "உங்கள் அம்மா இங்கே வேலை பார்க்கவில்லை. உங்கள் பாத்திரத்தை நீங்களே கழுவவும்." ஊர் உலகத்துல எல்லா ஆபீஸ்லயும் இருக்குற நோட்டீஸ்தான். எல்லாரும் படிச்சுச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

அந்த நோட்டீஸுக்கு என்னங்க அர்த்தம்? வீட்டுல அம்மா கழுவுறது சரி, இங்க அம்மா இல்லை, அதான் பிரச்சினைன்னு அர்த்தம். 2019ல எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல சம்பளமில்லா வீட்டு வேலை செஞ்ச பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செஞ்சிருக்காங்க. செஞ்ச ஆண்கள் 97 நிமிஷம். அந்த வேலையில கை வெச்ச பெண்களே நூத்துக்கு 81 பேர், ஆண்கள் வெறும் 26 பேர். மீதி 74 பேர் சிங்க் எந்தப் பக்கம் இருக்குன்னே பார்க்காதவங்க.

அந்த 74ல நானும் இருந்தேன். எங்கம்மா மலைக்குக் காய் எடுக்கப் போறவங்க. விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு சோறாக்கி, எனக்கும் அப்பாவுக்கும் மூடி வெச்சுட்டு, தூக்குவாளியோட ஜீப் ஏறிடுவாங்க. போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அந்தப் பக்கம் கேரளாத் தோட்டத்துல நாள் பூரா குனிஞ்சு ஏலச்செடி அடியில காய் பொறுக்கிட்டு, திரும்பவும் 17 வளைவு இறங்கி வருவாங்க. மத்தியானம் சாப்பிட்ட தூக்குவாளியை மேலேயே ஓடைத் தண்ணியில கழுவித்தான் கொண்டு வருவாங்க. கூடப் போற அத்தனை பொம்பளைங்களும் அப்படித்தான். அழுக்கு வாளியை ஜீப்ல ஏத்தி இன்னொருத்தர்கிட்ட நீட்டுற பழக்கமே அவங்ககிட்ட கிடையாது. வீட்டுக்கு வந்து, ஃபேனுக்கு அடியில உக்காந்து ஏலக்காய் பில் போட்ட மகன் தின்னு போட்ட தட்டைக் கழுவுவாங்க. ஆபீஸ்ல நியாயம் பேசிட்டு வந்த அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு அது உறைச்சது. "நான் கழுவுறேம்மா"ன்னு போனேன். "ஏன்டா, காலேஜ்ல எதுவும் பிரச்சினையா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்லை.

இப்போ பதில் அஞ்சு. இதை யாரும் வாயால சொல்லலை. நானே பார்த்தது.

அந்தக்காவும் எங்க கூடத்தான் டீ குடிப்பாங்க. அதாவது, அப்படித்தான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் நானே டம்ளர் கழுவப் போய், கழுவினதை ஸ்டாண்டுல அடுக்கும்போது, "தம்பி, அது இங்க இல்ல, அங்க"ன்னு ஒரு டம்ளரை வாங்கி ஜன்னல் கட்டைமேல கவிழ்த்து வெச்சாங்க. ஓரம் நெளிஞ்ச டம்ளர். அவங்களோடது. தனியா.

42 டம்ளர் கழுவுறாங்க. அதுல ஒண்ணுல கூட அவங்க குடிக்க முடியாது.

"யாருக்கா அங்க வைக்கச் சொன்னது?"ன்னு கேட்டேன். "யாரும் சொல்லல தம்பி, வழக்கம்தானே"ன்னாங்க.

இரட்டைக் குவளைன்னு பாடத்துல படிச்சிருப்போம். தமிழ்நாட்டுல எத்தனையோ கிராமத்து டீக்கடையில தலித்துகளுக்குத் தனி டம்ளர், குடிச்சு முடிச்சதும் அவங்களே கழுவி வைக்கணும். அரசியல் சட்டத்தோட 17வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சது 1950ல. 1955ல தனிச் சட்டமே வந்துச்சு, 1976ல அதுக்குக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்னு பேர் மாத்தினாங்க. உணவு விடுதியில பொதுவா வெச்சிருக்குற பாத்திரத்தைப் புழங்க விடாம தடுக்குறது அதுல குற்றம். இதெல்லாம் நமக்குப் பரீட்சைக்குத் தெரியும். ஏ.சி ரூமுக்குப் பின்னாடி ஜன்னல் கட்டையில நெளிஞ்ச டம்ளர் இருக்குறது மட்டும் தெரியாது.

கவனிச்சுப் பாருங்க. டீக்கடையில "உன் டம்ளரை நீயே கழுவு"ங்கிறது அவமானம். ஏன்? அந்த விதி ஒரு சிலருக்கு மட்டும். ஆபீஸ்ல "எல்லார் டம்ளரையும் நீயே கழுவு"ங்கிறதும் அதே அவமானம்தான். ஏன்? அதுவும் ஒருத்தருக்கு மட்டும். ஆக, கழுவுறது கேவலமே இல்லைங்க. யார் கழுவணும்னு பிறப்பைப் பார்த்தும் பொம்பளையான்னு பார்த்தும் நாம முடிவு பண்றதுதான் கேவலம். என் எச்சிலை நான் தொட்டா அசிங்கம், இன்னொருத்தர் தொட்டா அது வேலை. இந்த ஒரு வரியிலதான் நம்ம ஊரோட மொத்தக் கணக்கும் இருக்கு.

1901ல கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டுக்குப் போன காந்தி, கக்கூஸ் நாறுறதைப் பார்த்து அங்க இருந்த தொண்டர்கள்கிட்ட சொல்லியிருக்கார். "அது எங்க வேலை இல்லை, துப்புரவு செய்யறவங்க வேலை"ங்கிற பதில்தான் வந்துச்சு. அவர் துடைப்பத்தை வாங்கித் தானே சுத்தம் பண்ணினார்னு சுயசரிதையில எழுதியிருக்கார். நூத்திச் சொச்ச வருஷம் ஆச்சு. எங்க ஆபீஸ் பதில்ல ஒரு எழுத்துக் கூட மாறலை. அமிர்தசரஸ் பொற்கோயில் லங்கர்ல எல்லாரும் ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடுறாங்க. அந்தத் தட்டுகளைக் கழுவ முன்பின் தெரியாதவங்க வரிசையா வந்து நிக்கிறாங்க, அதைச் சேவைங்கிறாங்க. நம்ம ஊர்ல அன்னதானம் போட ஆயிரம் பேர் வருவான், போஸ்டரும் அடிப்பான். அண்டா கழுவ எத்தனை பேர் வருவான்?

சரி, முடிவா என்னதான் சொல்ற?

எல்லாரும் அவங்கவங்க டம்ளரைக் கழுவணும். முதலாளி உட்பட. பால் பாத்திரத்துக்கு மட்டும் முறை போட்டுக்கலாம், வாரத்துக்கு ஒருத்தர். முறை தவறினவர் மறுநாள் எல்லாருக்கும் வடை வாங்கணும் (ஆஸ்ட்ராம் அம்மா சொன்ன சின்ன தண்டனை!). அந்தக்காவோட டம்ளர் ஸ்டாண்டுக்கு வரணும். வந்த பிறகு எது யாரோடதுன்னு தெரியாம கலந்து போகணும்.

இதைச் சொன்னதுக்கு "பி.காம் படிச்சுட்டு பாத்திரம் கழுவப் போறியா?"ன்னு கேட்டு எல்லாரும் சிரிச்சாங்க. ஆமாண்ணே, போறேன். இதுவரைக்கும் சேர்ந்தது ரெண்டு பேர்தான், நானும் சாம்பிள் எடுக்குற ஒரு பையனும். மீதி 12 பேரோட 36 டம்ளர் இன்னிக்கும் அங்கதான் கிடக்கு.

அந்த நெளிஞ்ச டம்ளரை முந்தாநாள் எடுத்து ஸ்டாண்டுல மத்ததோட வெச்சேன். நேத்து அது திரும்ப ஜன்னல்ல இருந்தது. அக்கா வெச்சாங்களா, வேற யாராவது வெச்சாங்களான்னு தெரியலை. இன்னிக்கு மறுபடியும் எடுத்து ஸ்டாண்டுல வெச்சிருக்கேன்.

நாளைக்குப் பார்ப்போம்.

டிஸ்கி: படிச்சுட்டு "எங்க ஆபீஸ்ல, எங்க ஹாஸ்டல்ல இப்படி எல்லாம் இல்லை"ன்னு நினைக்கிறவங்க, எந்திரிச்சுப் போய் ஒரு தடவை ஜன்னல் கட்டையைப் பார்த்துட்டு வாங்க.